ஆயிடுச்சு என்று சொன்னவள்

ஆள் படுத்திருக்கும்போதே படுக்கை விரிப்பை மாற்றுவது சின்ன வேலை மாதிரி தெரியும். வேலைக்கு வருகிறவர்களில் பாதிப் பேருக்கு அது கடைசி வரை வராது. அவளுக்கு வரும். ஆளை ஒருக்களித்துப் படுக்க வைத்து, ஈர விரிப்பை நீளவாக்கில் சுருட்டி முதுகோடு ஒட்டித் தள்ளி, அதை அடுத்தே புது விரிப்பைப் பாதி சுருளாக வைப்பாள். பிறகு ஆளை அந்த மேட்டின் மேல் இந்தப் பக்கம் உருட்டி, மறுபக்கம் போய் அழுக்கை உருவிப் போட்டுவிட்டு, புதியதை இழுத்து மெத்தைக்கு அடியில் செருகுவாள். மொத்தம் நாலு நிமிடம். ஆறாம் எண் கட்டிலில் இருந்தவர் தையல்காரர். ஆயுசெல்லாம் துணியோடு கிடந்தவர், ஒரு சுருக்கம் விழுந்தாலும் முதுகாலேயே கண்டுபிடித்துச் சத்தம் போடுவார். அவள் போட்ட விரிப்பில் மட்டும் அவர் குறை சொன்னதில்லை.

அந்தப் புதன்கிழமை காலையில் அவள் அவருக்கு விரிப்பு மாற்றிக்கொண்டிருந்தபோது நான் சம்பவ நோட்டை எடுத்துக்கொண்டு போய் நின்றேன். எங்கள் முதியோர் இல்லத்தில் உதவியாளர்களுக்கு நான் பொறுப்பு. யாராவது விழுந்தால், சுட்டுக்கொண்டால், மருந்து மாறிப்போனால் அந்த நோட்டில் எழுத வேண்டும். முந்தைய நாள் சாயங்காலம் தையல்காரர் கட்டிலிலிருந்து விழுந்துவிட்டார். எலும்புக்கு ஒன்றும் இல்லை. புருவத்தில் மூன்று தையல்.

நோட்டில் அவள் எழுதியிருந்தது இது: "ஆறாம் எண். கட்டிலின் பக்கக் கம்பி ஏறவில்லை. நோயாளி விழுந்துவிட்டார். காயம் ஏற்பட்டது. மருத்துவருக்குத் தெரிவிக்கப்பட்டது."

"கம்பி ஏறலையா?" என்றேன்.

"ஆமாக்கா. ஏறாம இருந்துடுச்சு."

"அது என்ன கோழியா, பொழுது சாஞ்சா தானா ஏறி உக்கார?"

தையல்காரர் ஒருக்களித்தபடியே சுவரைப் பார்த்துப் பேசினார். "விழுந்துவிட்டார்னு வேற எழுதியிருக்காளாமே. நான் என்ன கட்டில்ல வித்தையா காட்டினேன்? புருவத்துல போட்ட தையலப் பாத்தீங்களா, ஒண்ணுக்கொண்ணு இடைவெளியே சரியில்ல. என் கடையில இப்படித் தச்சிருந்தா அன்னைக்கே கணக்குத் தீர்த்து அனுப்பியிருப்பேன்."

"யார் ஏத்தல?" என்று மறுபடி கேட்டேன்.

அவள் விரிப்பின் மூலையை மடித்தாள். "ஏத்தாம ஆயிடுச்சுக்கா."

அதனால்தான் அவளுக்கு அந்தப் பெயர். இல்லத்தில் எல்லாரும் 'ஆயிடுச்சு' என்றுதான் கூப்பிடுவோம். குளிப்பாட்டினாயா என்றால் "குளியல் ஆயிடுச்சு". சாப்பிட்டாயா என்றால் "சாப்பாடு ஆயிடுச்சு". தட்டைப் போட்டு உடைத்தாலும் "உடைஞ்சிடுச்சு". ஆறு வருடமாக அவள் வாயிலிருந்து "செய்தேன்" என்று ஒரு வார்த்தை வந்து நான் கேட்டதில்லை. முதலில் கூச்சம் என்று நினைத்தேன். அது வேறு. அவளுக்குப் பழக்கப்படுத்தப்பட்டது.

பதினொரு வருடம் அவள் ஒரு கூட்டத்தில் இருந்தாள். அவர்கள் தங்களைக் 'கூடம்' என்று சொல்லிக்கொண்டார்கள். ஊருக்கு வெளியே இரண்டு மாடிக் கட்டடம், மேலே பெண்கள், கீழே ஆண்கள், நடுவில் மூத்தவர் என்று ஒருவர். மூத்தவர் சொல்லிக்கொடுத்தது ஒன்றே ஒன்று. எல்லாத் துன்பமும் 'நான்' என்ற சொல்லில் இருந்து வருகிறதாம். ஆகவே அங்கே யாரும் நான், எனக்கு, என் என்று சொல்லக் கூடாது. செய்தேன், போனேன் என்றும் முடிக்கக் கூடாது. எதுவும் தானாக நடக்க வேண்டும். 'பசிக்குது' என்றால் சாப்பாடு உண்டு, 'எனக்குப் பசிக்குது' என்றால் கிடையாது. வாய் தவறிச் சொன்னவர்கள் நாக்கில் கல் உப்பை வைத்துக்கொண்டு கரையும் வரை நிற்க வேண்டும்.

கேட்கச் சிரிப்பாக இருக்கும். அங்கே யாரும் சிரிக்கவில்லை. அப்படிப் பேசிப் பழகிய ஆளிடம் எந்த வேலையையும் வாங்கலாம். வேலை நடந்திருக்கும், செய்தவர் யாரும் இருக்க மாட்டார்கள்.

அப்படிப் பேச நன்றாகக் கற்றுக்கொண்டதால் அவளுக்குச் சீக்கிரமே பொறுப்பு வந்தது. கூடத்தின் மருந்துப் பெட்டிச் சாவி அவள் இடுப்பில் தொங்கியது. உள்ளே வருகிறவர்கள் கொண்டு வரும் மாத்திரையெல்லாம் அந்தப் பெட்டிக்குப் போகும். திரும்பக் கொடுப்பதா வேண்டாமா என்பதை மூத்தவர் சொல்வார். பெரும்பாலும் வேண்டாம் என்பார்.

மனசாட்சி உறுத்தி வெளியே வந்தாள் என்று எழுத எனக்கும் ஆசைதான். அவளே அப்படிச் சொல்லிக்கொண்டதில்லை. ஒருநாள் அந்தச் சாவியை வாங்கிப் புதிதாக வந்த ஒருத்தியிடம் கொடுத்துவிட்டார்கள். இரண்டு மாதம் பொருமிக்கொண்டு பாத்திரம் கழுவினாள். மூன்றாவது மாதம் காய்கறி வண்டியில் ஏறி வந்துவிட்டாள். வந்த புதிதில் கடையில் சோப்பு அலமாரி முன்னால் அரை மணி நேரம் நிற்பாளாம். எதை எடுப்பது என்று சொல்ல ஆள் இல்லை. "சோப்பு தேவைப்படுது" என்பாளாம். "யாருக்கும்மா?" என்று கடைக்காரர் கேட்டால் பதில் வராதாம். மூன்று வருடம் அப்படி இப்படி என்று வீட்டு வேலைகள் பார்த்தாள். பிறகு உதவியாளர் பயிற்சிக்கு வந்தாள். கற்றுக்கொண்டதை மறக்க மாட்டாள். இரண்டாவது வருடமே எங்கள் மருந்து அலமாரிச் சாவியை அவளிடம் கொடுத்தேன். கொடுத்தது நான். அதையும் எழுதிவிடுகிறேன்.

சனிக்கிழமைகளில் அவள் ஒரு கூட்டத்துக்குப் போவாள். அவளைப் போல எங்கெங்கிருந்தோ வெளியே வந்தவர்கள் ஏழெட்டுப் பேர் வட்டமாக உட்கார்ந்து பேசுவார்கள். நடுவில் ஓர் ஆலோசகர். அவர் ஒவ்வொரு வாரமும் சொல்வது ஒன்றுதான்: "உங்க மேல தப்பே இல்ல. உங்களையும் ஏமாத்தினாங்க." போய்விட்டு வந்தால் அன்று அவள் முகம் தெளிவாக இருக்கும். நல்ல மனிதர்தான். அவர் சொன்னதில் பாதி உண்மை. அந்தப் பாதியை மட்டும் அவள் ஆறு வருடமாகக் கரைத்துக் குடித்துக்கொண்டிருந்தாள்.

அந்தப் புதன்கிழமைக்கு வருகிறேன். அழுக்கு விரிப்பைக் கூடையில் போட்டவளை வெளியே நடைக்குக் கூட்டிப்போய்க் கேட்டேன். "ஆறு வருஷத்துல ஒரு தடவைகூட நீ கம்பிய மறந்ததில்ல. நேத்து என்ன வந்துச்சு உனக்கு?"

மேலங்கிப் பையில் கையை விட்டு ஒரு கடிதத்தை எடுத்துக் கொடுத்தாள். நாலைந்து தடவை மடித்துப் பிரித்ததில் நடுவில் கிழிய ஆரம்பித்திருந்தது. முந்தின நாள் சாயங்காலம் தையல்காரரின் கட்டில் பக்கத்தில் நின்றுதான் முதல் தடவை படித்திருக்கிறாள்.

அவள் தங்கை மகள் எழுதியது. தங்கை இறந்து பதினேழு வருடம் ஆகிறது என்பதும், அது கூடத்தில் நடந்தது என்பதும், வலிப்பு வந்து செத்தாள் என்பதும் எனக்குத் தெரியும். மிச்சம் அந்தக் கடிதத்தில்தான் தெரிந்தது. அந்தப் பெண்ணுக்கும் பதினாலு வயதிலிருந்து வலிப்பு. மாத்திரை சாப்பிட்டு நன்றாகத்தான் இருக்கிறாள். கல்யாணம் பேசி முடித்திருக்கிறார்கள். மாப்பிள்ளை வீட்டில் யாரோ கேட்டுவிட்டார்கள், "உங்கம்மா மாத்திரையத் தூக்கிப் போட்டுட்டு சாமியார் பின்னால போய்ச் செத்தவளாமே, நீயும் ஒருநாள் அப்படித்தான் போவியா?" என்று. அவளும் சின்ன வயதிலிருந்து அதைத்தான் கேட்டு வளர்ந்திருக்கிறாள். உன்னைவிட அந்த மனுஷன் அவளுக்குப் பெரிசாப் போயிட்டான் என்று அப்பா சொல்லிச் சொல்லி வளர்த்தார். இப்போது அப்பாவின் பெட்டியில் பழைய போலீஸ் விசாரணைக் காகிதத்தின் நகல் கிடைத்திருக்கிறது. அதில், "இறந்தவர் மாத்திரையைத் தாமாகவே நிறுத்திக்கொண்டார்" என்று ஒரு வரி. கீழே பெரியம்மாவின் கையெழுத்து.

கடிதம் இப்படி முடிந்திருந்தது: "பெரியம்மா, அது நிஜமா என்று மட்டும் தெரிய வேண்டும். வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு வருகிறேன்."

"நிஜமா?" என்று நானும் கேட்டேன்.

அவள் கூடையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். "மாத்திரை நின்னுடுச்சுக்கா."

"அது எனக்குப் புரியுது. யார் நிறுத்தினது?"

கூடையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, "அந்தப் பொண்ணுக்கு என்ன சொல்றதுக்கா?" என்றாள்.

"என்னைக் கேட்டா? அங்க இருந்தது நீ."

"போலீசு, கேசுன்னு ஆயிடுமா?"

"ஆகலாம்."

"அவளை விட்டா வேற யாரும் இல்லக்கா. ரத்த சொந்தம்னு அவ ஒருத்திதான்."

"அவளுக்கு அம்மாவே இல்ல" என்றேன். நான் இனிமையாகப் பேசுகிறவள் இல்லை. துணி துவைக்கும் அறைப் பக்கம் அவள் போனாள். இரண்டு நாளும் ஒழுங்காக வேலை செய்தாள். கம்பியை ஏற்றிவிட்டு ஆட்டி ஆட்டிப் பார்த்தாள். தையல்காரர், "விடும்மா, கட்டிலோட என்னையும் பெயர்த்துடப் போற" என்று கத்தினார்.

வெள்ளிக்கிழமை பார்வையாளர் அறையில் வேறு குடும்பம் இருந்தது. அந்தப் பெண்ணை விரிப்பு மடிக்கும் அறைக்குத்தான் கூட்டிப்போனோம். நீள மேஜை, இரண்டு நாற்காலி, கூரை வரை அடுக்கிய விரிப்புகள். நான் கதவைச் சாத்திக்கொண்டு வெளியேறப் பார்த்தேன். "நீங்க இருங்கக்கா" என்றாள் அவள். தங்கை மகளும் தலையை ஆட்டினாள். சாட்சிக்கு ஒரு ஆள் இருக்கட்டும் என்று நினைத்திருக்கலாம். நான் ஓரமாக நின்று தலையணை உறைகளை மடித்தேன்.

பெண்ணுக்கு இருபத்து மூன்று வயது. ஏதோ அலுவலகத்தில் வரவேற்பில் வேலை. நல்ல நேரான முதுகு. உட்காரவில்லை.

"எப்படிடா கண்ணு இருக்கே?" என்றாள் பெரியம்மா.

"நல்லா இருக்கேன். கடுதாசி கிடைச்சுதா?"

"கிடைச்சுது."

"அதுல கேட்டிருக்கறதுக்குப் பதில் சொல்லுங்க, நான் கெளம்பறேன். அம்மா தானா நிறுத்தினாளா?"

அவள் ஒரு விரிப்பை எடுத்துப் பிரித்தாள். மடித்து வைத்த விரிப்பு. அதை மறுபடி மடிக்க ஆரம்பித்தாள்.

"அங்க யாருமே எதையும் செய்யறதில்லம்மா. எல்லாரையும் ஏமாத்தி வச்சிருந்தாங்க. அந்த நேரத்துல மாத்திரை நின்னுடுச்சு."

"நின்னுடுச்சா? பஸ்ஸா அது?"

நான் உறையை மடிப்பதை நிறுத்தினேன். அந்தப் பெண் சத்தம் போடவில்லை. அதே குரலில்தான் தொடர்ந்தாள். "பெரியம்மா, நான் தினமும் ரெண்டு மாத்திரை முழுங்கறேன். ஒவ்வொரு தடவையும் எங்கம்மாவத் திட்டிக்கிட்டே முழுங்கறேன். என்னை விட்டுட்டுப் போக இதத்தானே தூக்கிப் போட்டே அப்படின்னு. ஒன்பது வருஷமா. அவ தூக்கிப் போடலேன்னா சொல்லிடுங்க. போட்டான்னாலும் சொல்லிடுங்க. யாரு?"

விரிப்பு பாதியில் நின்றது. நாக்கை மேல் அண்ணத்தில் வைத்து எதையோ உறிஞ்சுவது போல ஒரு அசைவு. உப்பு இன்னும் இருந்திருக்க வேண்டும்.

"நிறுத்தினேன்" என்றாள். பிறகு, "நான். நான்தான் நிறுத்தினேன்."

பெண் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். "எப்படி?"

"பத்து நாள் தங்கிட்டுப் போறேன்னுதான் வந்தா. நான்தான் கூப்பிட்டேன். துணி மூணு செட்டு. மாத்திரை பன்னெண்டு நாளைக்கு எண்ணிப் பொட்டலம் கட்டிக் கொண்டு வந்திருந்தா."

"பன்னெண்டா?"

"வழியில தாமதமானா இருக்கட்டும்னு ரெண்டு நாளைக்குச் சேர்த்து. பொட்டலத்தை வாங்கிப் பெட்டியில வச்சேன். மறுநாள் வந்து, எனக்கு மாத்திரை வேணும்க்கான்னு கேட்டா."

"நீங்க?"

அவள் விரிப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "'எனக்கு'ன்னு சொன்னாத் தர மாட்டேன்னு சொன்னேன். சரியாக் கேளுன்னு சொன்னேன்."

விரிப்பை இன்னொரு மடிப்பு மடித்துவிட்டுத் தொடர்ந்தாள்.

"ரெண்டாவது நாளும் அப்படியே கேட்டா. என் மாத்திரையக் குடுன்னு கையப் பிடிச்சா. உப்பு வச்சேன். மூணாவது நாள் சரியாக் கேட்டுட்டா. 'மாத்திரை தேவைப்படுது'ன்னா."

"அப்ப குடுத்தீங்களா?"

"இல்ல."

"ஏன்? அதான் சரியாக் கேட்டாளே."

"இல்லாம ஆயி... கொட்டிட்டேன். முதல் நாளே கொட்டிட்டேன். மூத்தவர் வேண்டாம்னாரு. பின்பக்கச் சாக்கடையில. அவ கேக்கும்போதெல்லாம் பெட்டி காலியாத்தான் இருந்துச்சு."

நாற்பது வருடமாக மலம் அள்ளி, சீழ் துடைத்து, பிணம் கழுவியவள் நான். எனக்கே நாற்காலி தேவைப்பட்டது. இருந்த இன்னொன்றில் உட்கார்ந்தேன்.

அந்தப் பெண் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. விரலை மடித்து எதையோ எண்ணினாள். "பன்னெண்டு நாளைக்கு" என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். "அப்ப திரும்பி வரத்தான் இருந்திருக்கா."

"தினமும் உன்னப் பத்தித்தான்..." என்று பெரியம்மா ஆரம்பித்தாள்.

"வேண்டாம்." பெண் எழுந்துவிட்டாள். "அத உங்க வாயால கேக்க வேண்டாம். எனக்கு மாத்திரை எண்ணிக்கையே போதும்." கைப்பையைத் தோளில் மாட்டினாள். "போலீசுக்கும் ஏன் பொய் எழுதினீங்க?"

"அவரு எழுதச் சொன்னாரு... எழுதினேன்."

"கையில சூடு போட்டாரா? அடிச்சாரா?"

"இல்ல. சொன்னாரு."

பெண் கதவு வரை போய்த் திரும்பினாள். பெரியம்மா ஒரு அடி முன்னால் வந்தாள், கையை நீட்டினாளா என்று எனக்குச் சரியாகத் தெரியவில்லை. விரிப்பு அவள் கையிலேயே இருந்தது.

"இன்னைக்குச் சொன்னதுக்காக உங்களை மன்னிச்சேன்னு நெனச்சுக்காதீங்க. நான் கல்யாணத்துக்கும் கூப்பிட மாட்டேன். கண்ணுன்னும் கூப்பிடாதீங்க" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, மரியாதையாக, "வரேன்மா" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அவள் போன பிறகு இவள் மடித்த விரிப்புகளையெல்லாம் பிரித்து மறுபடி மடித்தாள். நான் தடுக்கவில்லை. தேற்றவும் இல்லை. தேற்ற என்ன இருக்கிறது? ஐந்து மணிக்கு அவள் கேட்டாள், "என்னையும் ஏமாத்தினாங்கதானேக்கா?"

"ஏமாத்தினாங்க" என்றேன். "அதுக்கு அந்த ஆளு பதில் சொல்லணும். சாக்கடையில கொட்டின கைக்கு நீதான் சொல்லணும். ரெண்டும் தனித்தனி. ஒண்ண வச்சு இன்னொண்ண அடைக்காதே." அதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது. ராத்திரி வேலைக்கு வந்தவளிடம் பொறுப்பைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன்.

மறுநாள் காலை நான் ஆறு மணிக்கு வந்தபோது அவள் எனக்கு முன்னால் வந்திருந்தாள். தையல்காரரைத் துடைத்து, சட்டை மாற்றி, விரிப்புப் போட்டு, கம்பியை ஏற்றி ஒரு தடவை மட்டும் ஆட்டிப் பார்த்தாள். பிறகு என் மேஜைக்கு வந்தாள். இடுப்பிலிருந்து மருந்து அலமாரிச் சாவியைக் கழற்றி மேஜையில் வைத்தாள். நான் கேட்கவில்லை. கேட்டிருப்பேன், அன்று சாயங்காலத்துக்குள் கேட்டிருப்பேன். அதை எடுத்து என் பையில் போட்டுக்கொண்டேன்.

சம்பவ நோட்டைக் கேட்டாள். செவ்வாய்க்கிழமை பக்கத்தில் 'கம்பி ஏறவில்லை' என்பதைக் கோடு போட்டு அடித்துவிட்டு, பக்கத்தில் 'கம்பியை நான் ஏற்றவில்லை' என்று எழுதித் தேதி போட்டாள். பிறகு கோடு போட்ட தாள் ஒன்று கேட்டாள். சாப்பாட்டு அறை மூலையில் உட்கார்ந்து ஒரு பக்கம் எழுதி எடுத்து வந்தாள்.

"எழுத்துப் பிழை மட்டும் பாருங்கக்கா."

பார்த்தேன். காவல் நிலையத்துக்கு எழுதியது. தங்கை பெயர், தேதி, பன்னிரண்டு நாள் மாத்திரை, மூன்று நாள், உப்பு, பொய்க் கையெழுத்து எல்லாம் இருந்தது. மூத்தவர் சொன்னதும் ஒரே ஒரு வரியில் இருந்தது. பிழை அதிகம் இல்லை. நடுவில் ஓரிடத்தில் 'மாத்திரைகள் சாக்கடையில் கொட்டப்பட்டன' என்று இருந்தது. நான் அந்த இடத்தில் விரலை வைத்தேன். பேனாவை வாங்கி அடித்துவிட்டு 'கொட்டினேன்' என்று எழுதினாள். அந்த வார்த்தை மட்டும் கோட்டுக்குக் கீழே இறங்கிவிட்டது. தாளை நாலாக மடித்து மேலங்கிப் பையில் வைத்தாள். பிறகு மேலங்கி இல்லத்துடையது என்று ஞாபகம் வந்து, கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, தாளைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

அன்று சனிக்கிழமை. கூட்டம் பத்து மணிக்கு. அவள் எட்டரைக்கே கிளம்பி எதிர்த் திசையில் நடந்தாள்.

ஆள் குறைந்ததால் ஆறாம் எண்ணுக்குக் காலைச் சாப்பாட்டை நான் ஊட்டினேன். "ஆயிடுச்சு எங்க?" என்று கேட்டார் தையல்காரர்.

"போலீஸ் ஸ்டேஷனுக்குப் போயிருக்கா."

"கம்பி ஏத்தாததுக்கா?" என்று பதறினார். "அடப்பாவமே, மூணு தையல்தானே!"

"வாயைத் திறங்க" என்றேன்.